கொல்லைப்புறத்தில் துருவ ஒளி

2024 மே 10, வெள்ளிக்கிழமை ராத்திரி. சோழர் கால நில அளவுகோல் பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பதினாறு சாண் கோலா, பன்னிரண்டு சாண் கோலா என்று கணக்குப் பார்த்ததில் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. குப்பையைப் போடப் பின்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வடக்கே அடிவானத்தில் மங்கிய பச்சை. தலைக்கு மேலே குடைக்கம்பி விரிந்த மாதிரி சிவப்பும் வெளுப்புமாகக் கோடுகள்.

எங்கள் வீடு சியாட்டிலுக்குக் கிழக்கே. இதைப் பார்க்கத்தான் சில வருஷம் முன்னால் குடும்பத்தோடு அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் வரை போய், மூன்று ராத்திரியும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று மத்தியானமே ஆபீஸ் சாட்டில் "இன்னிக்கு வரும்" என்றார்கள். பலமுறை ஏமாந்தவன், கண்டுகொள்ளவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை எழுப்பினேன். மூட்டு வலிக்காரர், படியிறங்க ஐந்து நிமிஷம். அதற்குள் மறைந்துவிடுமோ என்று எனக்குப் பதைப்பு. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவர் கேட்டது: "என்னடா, எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அது ரொம்பப் பழைய சந்தேகம். ரோமில் டைபீரியஸ் ஆட்சியில் ஒரு ராத்திரி வானம் சிவந்ததைக் கண்டு, ஆஸ்டியா துறைமுகம் எரிகிறதென்று படை அணிகளே உதவிக்கு ஓடியதாக செனகா எழுதியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த வாரம் சூரியனில் 3664 என்று எண்ணிட்ட கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது. அகலம் சுமார் 15 பூமி. மே 8 முதல் அது அடுத்தடுத்துப் பிளாஸ்மா மேகங்களை நம் பக்கம் வீசியது. அமெரிக்க விண்வெளி வானிலை மையம் 2005க்குப் பிறகு முதல்முறையாக ஜி4 முன்னெச்சரிக்கை கொடுத்தது. வந்ததோ ஜி5. 2003 அக்டோபருக்குப் பின் அதுதான் முதல்.

சூரியத் துகள்கள் நேராகத் துருவத்தில் வந்து கொட்டுகின்றன என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வரும் மேகத்துக்குள்ளும் ஒரு காந்தப்புலம் உண்டு. அது தெற்கு நோக்கி இருந்தால், எதிர்த்திசையில் இருக்கும் பூமியின் புலத்தோடு அறுந்து ஒட்டிக்கொள்ளும். ஆற்றல் பூமியின் இரவுப் பக்கம் வால் மாதிரி நீளும் புலத்தில் சேர்ந்து, ரப்பர் பேண்ட் போல இழுபட்டு விடுபடும்போது எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு நம் காற்றில் மோதுகின்றன. மேகம் வடக்கு நோக்கிய புலத்தோடு வந்தால் பெரும்பாலும் பிசுபிசுத்துப்போகும். அந்தத் திசையோ, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களை மேகம் கடக்கும்போதுதான் சரியாகத் தெரியும். அதற்கப்புறம் மிஞ்சுவது அரை மணி, முக்கால் மணி. ஆபீஸ் சாட்டை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்!

நிறம் இன்னும் சுவாரசியம். பச்சை, சிவப்பு இரண்டுமே ஆக்ஸிஜன் அணுதான். மோதலில் கிளர்ந்த அணு பச்சையை உமிழ முக்கால் வினாடி போதும். சிவப்புக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் வேண்டும். கீழே காற்று அடர்த்தி. அவ்வளவு நேரம் யாரும் இடிக்காமல் விடமாட்டார்கள், ஆற்றல் மோதலிலேயே போய்விடும். அதனால் சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலேதான். உயரத்தில் இருப்பதால் வெகுதொலைவிலிருந்தும் தெரியும். அதே ராத்திரி லடாக்கில் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் சிவப்பு மட்டும் பதிவானது இதனால்தான். பச்சை அவர்களுக்கு அடிவானத்துக்குக் கீழே.

குடைக்கம்பி? கோடுகள் உண்மையில் இணையானவை, பூமியின் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நிற்பவை. தண்டவாளம் தூரத்தில் சேர்வதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மொபைலில் மூன்று வினாடி வைத்து எடுத்த படத்தைக் காட்டினேன். "இதுல இருக்கிற செவப்பு மேல இல்லையேடா" என்றார் அம்மா. சரியான கேள்வி. இருட்டில் வேலை செய்யும் நம் கண் செல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை, வெளிச்சத்தைச் சேர்த்தும் வைத்துக்கொள்ளும்.

அங்கே மத்தியானம் ஒன்றரை மணி. அம்மா திருச்சியில் இருக்கும் சித்தியை வீடியோ காலில் கூப்பிட்டு, மொபைலை வானத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்து, "குங்குமம் கொட்டின மாதிரி இருக்கு பாருடி" என்றார். வீடியோவில் வெளிச்சத்தைச் சேர்க்க ஏது நேரம்?

"ஒண்ணும் தெரியல, ஒரே கறுப்பா இருக்கு. உனக்கு நெட்வொர்க் சரியில்லக்கா" என்றார் சித்தி.