முதலில் தரை, பிறகு கண்ணாடி
வீட்டில் ஒரு நடன அறை அமைக்க எவ்வளவு ஆகும்?

விஜயதசமிக்குப் பரதநாட்டிய வகுப்புகளில் புதுக் குழந்தைகள் சேர்வது வழக்கம். சொந்தமாக வகுப்பு தொடங்க நினைக்கும் இளம் ஆசிரியைகள் அதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஹாலா, மாடி அறையா, தம்பி படித்த அறையா? வெளியே இடம் பிடித்தால் அட்வான்ஸும் வாடகையும் கட்டணத்தை விழுங்கிவிடும். வீடுதான் வழி என்று முடிவான பிறகு செலவுக் கணக்கு வரும்.

அலங்காரம் செய்து தருபவர்களைக் கூப்பிட்டால் பேச்சே லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், வண்ண விளக்கு, ஏ.சி., பின்சுவரில் ஆளுயர நடராஜர் என்று பட்டியல் நீளும். தரை மட்டும் அதில் இருக்காது. "டைல்ஸ்தான் போட்டிருக்கே மேடம்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பணம் போக வேண்டிய முதல் இடம் அந்தத் தரைதான்.

காலுக்குக் கீழே

பரதம் வெறுங்காலில் ஆடும் கலை. அரைமண்டியில் உட்கார்ந்து, தட்டடவை மூன்று காலத்திலும் தட்டிப் பழகுவதுதான் தொடக்கம். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸும் கிரானைட்டும் இம்மியும் கொடுக்காதவை. காலை ஓங்கித் தட்டும்போது அந்த அதிர்ச்சி திரும்பிக் குதிகாலுக்கும் முன்காலெலும்புக்கும் முட்டிக்கும்தான் வருகிறது. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை வழுக்காது, குளுமையாகவும் இருக்கும். கடினத்தில் அதுவும் கல்தான். வளரும் பிள்ளைகள் இதில் வாரம் மூன்று நாள் ஆண்டுக்கணக்கில் தட்டினால், பதினைந்து வயதில் முட்டிவலிக்கு மருத்துவரைத் தேடுவதில் ஆச்சரியம் இல்லை.

இது இன்றைய கவலை மட்டும் அல்ல. மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை துல்லியமாகச் சொல்கிறது: 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. தளத்துக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். விரலை ஓர் அங்குலம் என்று கொண்டால் 14 அடிக்கு 16 அடி. தலைக்கு மேல் 8 அடி. இன்றைய வீட்டு ஹாலின் அளவுதான். தரையைவிட்டு ஒரு கோல் உயர்த்தி, பலகை இட்ட மேடை அது. புகாரில் தெரிந்திருந்த சங்கதி நம் அடுக்ககங்களில் மறந்துபோயிருக்கிறது.

மிதக்கும் தரை

12 அடிக்கு 10 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே சொல்லும் விலைகள் தோராயமானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அளவுகள் மாறாது.

முதலில் தரையில் பாலிதீன் தாள். ஈரம் மேலே ஏறாமல் இருக்க. அதன்மேல் 12 மி.மீ. கெட்டியான ரப்பர் விரிப்பு. அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட் ஓர் அடுக்கு. மேலே இன்னோர் அடுக்கு, முதல் அடுக்கின் இணைப்புகள் மேல் வராதபடி குறுக்காக. இரண்டு அடுக்கையும் ஒன்றோடொன்று ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும், டைல்ஸோடு அல்ல. ஸ்க்ரூ 20 மி.மீ. நீளம் போதும், அதைவிட நீண்டால் கீழே துளைத்துக்கொண்டு வரும். ஸ்க்ரூத் தலைகளை உள்ளே அமுக்கிப் பட்டி பூசித் தேய்த்துவிட வேண்டும், ஆடுவது வெறுங்கால் ஆயிற்றே. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விட்டால் மழைக்காலத்தில் பலகை உப்பும்போது தூக்கிக்கொள்ளாது. மேலே பளபளப்பு இல்லாத மேட் பாலிஷ். கரையானும் ஈரமும் உள்ள ஊரில் பி.டபிள்யூ.பி. ரகப் பிளைவுட்டே நல்லது.

8 அடிக்கு 4 அடி ஷீட் ஓர் அடுக்குக்கு 4. இரண்டு அடுக்குக்கு 8. மொத்தம் 256 சதுர அடி. சதுர அடி 85 ரூபாய் என்றால் சுமார் 22,000 ரூபாய். ரப்பர் விரிப்பு 5,000. ஆசாரியும் உதவியாளும் இரண்டு நாள் கூலி 5,000. ஸ்க்ரூ, பட்டி, பாலிஷ் 3,500. ஆக, தரைக்கு 35,500 ரூபாய்.

தளம் ஒன்றரை அங்குலம் உயரும் என்பதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் அடியைச் சீவ வேண்டும்.

குழந்தைகள் விளையாடும் வண்ண நுரைப் பாய்களை இணைத்துப் போட்டால் மலிவாக முடியுமே என்று தோன்றும். வேண்டாம். பாதம் புதையும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். தட்டும் ஓசையே எழாததால் தாளம் சரியா தப்பா என்று ஆசிரியைக்குத் தெரியாது. பாலே ஆடுபவர்களின் வினைல் விரிப்பும் நமக்குப் பொருந்தாது. வியர்த்த பாதம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து அடி போதும்

நம்மை முழுதாகப் பார்க்க நம் உயரத்தில் பாதி அளவு கண்ணாடி போதும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். எத்தனை அடி தள்ளி நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. முழுமண்டியில் உட்கார்ந்த சிறுமியின் பாதமும், தலைக்கு மேல் தூக்கிய ஆசிரியையின் கையும் தெரிய வேண்டும் என்றால் தரையிலிருந்து ஓர் அடி விட்டு ஆறாவது அடி வரை, ஐந்து அடி உயரக் கண்ணாடி போதுமானது. காலுதையும் படாது.

அகலம் எட்டு அடி. நான்கடியாக இரண்டு துண்டு. 5 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 23 கிலோ. பசையை மட்டும் நம்பாமல் பின்னால் பிளைவுட், விளிம்பில் கவ்விகள் வைத்து மாட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் சிதறாமல் இருக்க முதுகுப்புறம் பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஈரக்கசிவில் ரசம் உரிந்துவிடும். எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாய்.

மற்றவை

சுவர் மின்விசிறி இரண்டு 6,000. நடுத்தரமான ஸ்பீக்கர் 5,000. விளக்கு 1,500. வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் எடுப்பதாக இருந்தால் போன் ஸ்டாண்டு 1,000. தட்டுமனை, தட்டுக்கழி, தாளம் 3,000. சுருதிக்குத் தனிப் பெட்டி இப்போதே வாங்க வேண்டியதில்லை, கைப்பேசிச் செயலி போதும். தரையும் கண்ணாடியும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 60,000 ரூபாய்.

ஏ.சி. இல்லாமல் தொடங்கலாம். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். கை தூக்கி ஆடும் அறையில் உயரத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம் அல்ல. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்க ருக்மிணி தேவி, மிருணாளினி சாராபாய் போன்றவர்கள் வந்தார்கள். அவர்கள் தேடி வந்தது அலங்கார அறையை அல்ல, அவருடைய பாடத்தை.

வாடகை வீடும் கீழ்வீடும்

வாடகை வீட்டிலும் இந்தத் தரை சாத்தியம். டைல்ஸில் ஓர் ஓட்டைகூடப் போடாததால் வீடு மாறும்போது ஸ்க்ரூவைக் கழற்றி ஷீட்டுகளை எடுத்துப் போகலாம். கண்ணாடியைச் சக்கரம் வைத்த சட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே மகளின் சாதகத்துக்கு என்றால் 8 அடிக்கு 8 அடிப் பலகை போதும்; நான்கு ஷீட், ரப்பர், கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 18,000 ரூபாயில் முடியும்.

அடுக்ககத்தில் கீழ்வீட்டுக்காரர்களிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. ரப்பர் விரிப்பு தட்டும் சத்தத்தைக் குறைக்குமே தவிர அறவே நிறுத்தாது. வகுப்பு நேரத்தைச் சொல்லி, அதற்குள் முடித்துவிட்டால் பாதிச் சண்டை வராது. சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது திரும்பும்?

கைகால் நீட்டி நாட்டடவு செய்ய ஒருவருக்கு ஆறடிக்கு ஆறடியாவது வேண்டும். இந்த அறையில் ஒரே நேரத்தில் மூன்று பேர், சிறுமிகள் என்றால் நால்வர். பத்துக் குழந்தைகளை மூன்று பிரிவாக எடுத்து, மாதம் ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினால் வரவு 15,000. மின்கட்டணம், விடுமுறை, பாதியில் நிற்பவர்கள் எல்லாம் கழித்தாலும் ஆறு மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படாது.

மூன்று லட்சம் கடன் வாங்கித் தொடங்கியவருக்கு இந்த நிம்மதி கிடைக்காது. தவணை கட்டுவதற்காக அதே அறையில் எட்டுப் பேரை நிறுத்த வேண்டி வரும். பாடம் கெடுவது அங்கேதான்.

கையில் 60,000 இல்லையா? 35,500 இருந்தால் தரையை மட்டும் போட்டுத் தொடங்குங்கள், கண்ணாடியைப் பொங்கலுக்கு வாங்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை தரையைத் தட்டிப் பாருங்கள்.