கரையிலே மீன், மேஜையிலே பனீர்!
விழிஞ்ஞம் – கோவளம் ஓட்டல்களில் ‘பாக்கேஜ்’ சாப்பாட்டின் கதை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது விழிஞ்ஞம். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால், கோவளத்தைத் தாண்டியதும் வந்துவிடும். ஒரு காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் கண் வைத்த ஊர். இன்றைக்கு ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம். மறுபக்கம், 2025 மே 2-ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சர்வதேசக் கப்பல் துறைமுகம்.

வள்ளங்கள் கரை சேர்ந்ததும் மீன் ஏலம் தொடங்கிவிடும். நெத்திலி, சாளை, அயிலை, சூரை, வாளை, கணவாய் என்று குவியல் குவியலாகக் கொட்டி விலை கூறுவார்கள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர்களில் ஒன்றையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடலைப் பார்த்தபடி கட்டப்பட்ட ஓட்டல்களில், ‘இரவுச் சாப்பாடும் சேர்த்து’ என்று பணம் கட்டித் தங்கும் குடும்பத்தின் மேஜைக்குப் பல நேரங்களில் வருவது என்ன? ஒரு கிண்ணம் தக்காளி சூப், பனீர் மசாலா, மஞ்சள் பருப்பு, ஆறிப்போன சப்பாத்தி, காரமில்லாத கோழிக் குழம்பு, கடைசியில் ஒரு குலோப்ஜாமூன். டில்லியிலும் இதுதான், ஊட்டியிலும் இதுதான். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலுக்கும் தட்டில் இருக்கும் பண்டத்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

கோவளம் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து அண்ணன் குடும்பமோ மாமியார் வீடோ வந்தால், இங்கே வேலை பார்க்கிறவர் தன் கைப்பணத்தில் இரண்டு நாள் பாக்கேஜ் போட்டுத் தருவது உண்டு. போனஸ் பணமோ, சீட்டு எடுத்த பணமோ அதில் போகும். மத்திய அரசு ஊழியருக்கு எல்.டி.சி. இருந்தாலும் அது பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். தங்குவதும் சாப்பிடுவதும் சொந்தச் செலவு. ஆகவே, இந்தச் சாப்பாட்டு விஷயம் நாக்கு ருசியோடு முடிகிற விஷயம் அல்ல. மாதச் சம்பளக்காரரின் கணக்கு விஷயம்.

தானம் வந்த மாடா?

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது பழமொழி. பாக்கேஜ் சாப்பாட்டை நம்மவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ‘ரூமோடு சும்மா வருவதுதானே, இதற்குப் போய் என்ன சண்டை?’ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். உண்மையில் இது தானம் வந்த மாடு அல்ல. காசு எண்ணி வாங்கிய மாடு.

ஓட்டல் தொழிலில் நான்கு வகைத் திட்டங்கள் உண்டு. அறை மட்டும் என்றால் இ.பி. அறையும் காலைப் பலகாரமும் என்றால் சி.பி. அவற்றோடு ஒரு வேளைச் சாப்பாடும் சேர்ந்தால் எம்.ஏ.பி. மூன்று வேளையும் என்றால் ஏ.பி. ரசீதில் இந்த எழுத்துகள்தான் இருக்கும். ஒரே அறைக்கு சி.பி. கட்டணம் எவ்வளவு, எம்.ஏ.பி. கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால், ‘சும்மா வருகிற’ இரவுச் சாப்பாட்டின் விலை வெளியே வந்துவிடும்.

ஒரு பேச்சுக்கு, அந்த வித்தியாசம் இருவருக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் அரிசி, காய்கறி, எண்ணெய், மீன், இறைச்சிச் செலவை அடக்க வேண்டும் என்பது ஓட்டல் தொழிலின் பொதுவான கணக்கு. அப்படியானால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பண்டத்துக்கு 400 ரூபாய். இடையில் ஏஜெண்டுக்குக் கமிஷன் போனால் அதுவும் இறங்கும். சமையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், கையில் கொடுத்த பண்டத்துக்குள்தான் சமைக்க முடியும். தட்டைப் பார்த்து அவரைத் திட்டுவதில் பயன் இல்லை.

சாப்பாட்டுக்காகவே பிறந்த பாக்கேஜ்

வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பாடு தொடங்கிய காலத்தில் சாப்பாடுதான் அதன் பெரிய கவர்ச்சி. இங்கிலாந்தின் தாமஸ் குக் 1841-ல் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ரெயிலில் ஆட்களை ஒன்றாக அழைத்துப் போனார். 1868-ல் அவரே ஓட்டல் கூப்பன் முறையைக் கொண்டுவந்தார். வெளியூர் போகிறவர் முன்கூட்டியே கூப்பன் வாங்கிக்கொள்வார். போன இடத்தில் அதைக் கொடுத்துத் தங்குவார், சாப்பிடுவார். மொழி தெரியாத ஊரில் ஏமாறாமல் இருக்க அது நல்ல வழியாக இருந்தது.

அடுத்த கட்டம் 1950-ல் வந்தது. லண்டனில் விளாடிமிர் ரெய்ட்ஸ் என்பவர் கோர்சிகா தீவுக்கு விமானத்தில் ஆட்களை அனுப்பினார். கட்டணம் 32 பவுண்டு 10 ஷில்லிங். தங்குவது கூடாரத்தில்தான். ஆனால், தினம் இரண்டு வேளை இறைச்சியோடு சாப்பாடு என்று வாக்களித்தார். அப்போது பிரிட்டனில் இறைச்சிக்கு ரேஷன். அது நீங்கியது 1954-ல்தான். கூடாரத்தைப் பொறுத்துக்கொண்டு ஜனங்கள் போனதில் ஆச்சரியம் இல்லை!

நம் பக்கத்தில், 1970-களின் தொடக்கத்தில் கோவளம் குன்றின்மேல் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஒரு பெரிய ஓட்டலை எழுப்பியது. வரைபடம் போட்டவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா. வெளிநாட்டார் வரத் தொடங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து வட இந்தியக் குடும்பங்கள், பிறகு தமிழ்நாட்டார், உள்ளூர்க்காரர்கள். வெவ்வேறு நாக்குள்ள எல்லாரையும் ஒரே சமையலால் திருப்தி செய்ய வேண்டும் என்று வந்தபோது, யாருக்கும் விரோதமில்லாத, யாருக்கும் விருப்பமும் இல்லாத ஒரு சாப்பாடு உருவாகிவிட்டது.

மீன் ஏன் மேஜைக்கு வருவதில்லை?

கரையில் மீனின் விலை அன்றன்றைக்கு ஏலத்தில் முடிவாகிறது. காற்று மாறினால் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. பாக்கேஜின் விலையோ பல மாதங்களுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது. நாளைக்கு நெய்மீன் என்ன விலை போகும் என்று தெரியாத ஓட்டல் மானேஜர், விலை அவ்வளவு சீக்கிரம் மாறாத பனீரையும் கோழியையும் நம்புகிறார். மீன் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஐஸ் பெட்டியில் வரும் முள்ளில்லாத துண்டுகளை வாங்குகிறார். எல்லாத் துண்டும் ஒரே எடை; முள் குத்தியது என்ற புகாரும் இல்லை.

ஆள் எண்ணிக்கை இன்னொரு காரணம். விருந்தினர் நிறைய இருந்தால் ‘பஃபே’ வைப்பார்கள்; வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் குறைந்தால் அது கட்டுப்படியாகாது. அப்போது எல்லாருக்கும் ஒரே தட்டு என்கிற ‘செட் மெனு’ வந்துவிடும். பாக்கேஜ் நோட்டீசின் அடியில் ‘பஃபே அல்லது செட் மெனு, கூட்டத்தைப் பொறுத்து’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதன் பொருள் இதுதான்.

கூட்டம் குறைவது எப்போது? மழைக்காலத்தில். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கோவளம் பக்கம் பாக்கேஜ் விலை இறங்கும். ஆனால், விழிஞ்ஞத்துக் கரையில் மீன் நிறைய இறங்குகிற காலங்களில் மழைக்காலமும் ஒன்று! கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் டிராலர் மீன்பிடிப்புக்குத் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்கு அந்தத் தடை இல்லை. கடல் கொந்தளிக்கும் நாளிலும் விழிஞ்ஞம் குடாவில் ஒதுங்க இடம் உண்டு என்பதால் பிற ஊர் வள்ளங்களும் இங்கே வந்து தொழில் செய்யும். ஆக, கரையில் மீன் குவியும் நாட்களில்தான் ஓட்டல் மேஜையில் செட் மெனு குவிகிறது.

இதில் மீனவருக்கும் நஷ்டம் இருக்கிறது. புதிய துறைமுக வேலையால் கரை அரித்தது, பிழைப்பு போகிறது என்று 2022-ல் அவர்கள் நீண்ட போராட்டம் நடத்தினார்கள். கப்பல் வருகிறது, ஓட்டல்கள் பெருகும், ஊருக்கு வருமானம் என்று சொல்லப்படுகிறது. வருகிறவர் கட்டும் பணம் முழுவதும் முன்கூட்டியே ஓட்டலுக்குள் முடங்கிவிட்டால், மீன் விற்கும் பெண்ணுக்கும் துறைமுகத்து ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும் அதில் என்ன கிடைக்கும்?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டியது, சி.பி. கட்டணம் தனியாக எவ்வளவு என்பதே. வித்தியாசம் அதிகமாக இருந்தால், காலைப் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விழிஞ்ஞம் துறைமுகத்தை ஒட்டி மீன் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. கோவளம் கலங்கரை விளக்குக் கடற்கரையில், மாலையானதும் அன்றைய மீனைக் கடை வாசலிலேயே பரப்பி வைப்பார்கள். பிடித்த மீனைக் காட்டி, எடை போட்டு, விலையைப் பேசி முடித்துவிட்டுச் சமைக்கச் சொல்லலாம். பேசாமல் உட்கார்ந்தால் பில் வரும்போது நெஞ்சு அடைக்கும். அது வேறு பாடம்.

ஓட்டலிலேயே சாப்பிடுவதானால், பஃபேயா செட் மெனுவா, மீன் உண்டா, சைவம் தனியாகச் சமைக்கிறார்களா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர், காரம் தின்னாத குழந்தை இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குச் சாப்பாட்டுக் கட்டணம் தனியா என்பதும் முக்கியம்.

வண்டி தாமதமாகி, முதல் நாள் இரவு சாப்பாட்டு நேரம் முடிந்தபின் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டு வைப்பது நல்லது. பல இடங்களில் அந்த வேளை அப்படியே போய்விடும், பணம் திரும்பாது. எம்.ஏ.பி. என்பது ஒரு வேளை பிரதானச் சாப்பாடு என்பதால், இரவுக்குப் பதில் மத்தியானம் தருவீர்களா என்று கேட்கலாம். முன்கூட்டிச் சொன்னால் மாற்றித் தருகிறவர்கள் உண்டு.

டிசம்பர் 24, 31 தேதிகளில் அறை போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுற்றுலா ஊர்களில் பல ஓட்டல்கள் அந்த இரவுகளில் ‘விசேஷ விருந்து’ என்று தனிக் கட்டணம் வாங்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள்.

போன பிறகும் ஒரு வழி உண்டு. மத்தியானத்துக்கு முன்பே சமையலறைக்குச் சொல்லி அனுப்பி, ‘பனீர் வேண்டாம், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் போதும்’ என்று கேட்டுப் பார்க்கலாம். சமையலறையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த சமையல்தான். கூட்டம் குறைந்த நாளில் சந்தோஷமாகச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்காத வாய்க்குத்தான் செட் மெனு.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்ற சொல்லுக்குள் தங்குமிடமும் உணவும் அடங்கும். எழுத்தில் வாக்களித்ததைத் தராமல் போனால் அது சேவைக் குறைபாடு. ருசி இல்லை என்பதை நிரூபிப்பது கடினம். ‘பஃபே என்று எழுதிவிட்டு ஒரு தட்டு கொடுத்தார்கள்’ என்பதை நிரூபிப்பது சுலபம். எழுத்தில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வழக்கு என்றால் ஓட்டல் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலோ, வேலை பார்க்கும் மாவட்டத்திலோ உள்ள நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழிலும் பேசலாம்.

மெனுவில் இல்லாததைக் கேட்டு வாங்கினால் பில் தனியாக வரும், அது நியாயம். ஆனால், கேட்காமலே ‘சர்வீஸ் சார்ஜ்’ சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச் 28-ந் தேதி டில்லி ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. பில்லில் அந்த வரி இருந்தால் அமைதியாகச் சுட்டிக்காட்டி எடுக்கச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. வேறு, அது அரசு வரி, கட்டித்தான் ஆக வேண்டும்.

நம்மவர்கள் மார்க்கெட்டில் கால் கிலோ மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பாக்கேஜுக்கு மட்டும் படத்தைப் பார்த்துத் தலையாட்டினால் எப்படி? அடுத்த முறை ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வரும்போது, அறை போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “இதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எவ்வளவு?” தொகையைச் சொல்லிவிட்டால், அந்தப் பணத்துக்கு எங்கே சாப்பிடுவது என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும்.