தாய்க்குத் தாயாக ஒரு தகப்பனார்

சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல் ராஜாஜி. 1916-இல் அவர் மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். கையில் ஐந்து குழந்தைகள்; நாற்பது தாண்டாத வயது. அந்த நாளில் வருஷம் திரும்புவதற்குள் மறு கல்யாணம் ஆகிவிடும், இல்லையா? அவர் செய்துகொள்ளவில்லை.

சின்னஞ்சிறு மகள் லக்ஷ்மி தகப்பனார் நிழலிலேயே வளர்ந்தாள். பிற்பாடு காந்திஜியின் மகன் தேவதாஸை மணக்க விரும்பினாள். வேறு ஜாதி, வேறு பாஷை! சம்பந்திகள் இருவரும் கலந்து பேசி, சில வருஷங்கள் ஒருவரையொருவர் சந்திக்காமல் காத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கடுமையான பரீட்சைதான். ஆனால், 'கூடாது' என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா, சகோதரிகளே? தம் பெண்ணின் மனத்திடத்தை அறிந்த தகப்பனாரல்லவா!

லக்ஷ்மி காத்திருந்தாள். 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம் நடந்தது.