உள்ளேன் அம்மா!

மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கும். பசுவுக்குச் சினை ஊசி போட்டால் அப்பா 21 நாள் எண்ணுவார். அந்த வாக்கில் பசு கத்திக்கொண்டு மறுபடி பருவத்துக்கு வந்தால், சினை நிற்கவில்லை. பேசாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றால், பெரும்பாலும் சினைதான்.

கெட்டிக்காரப் பிள்ளை இங்கே சும்மா இருக்கக் கூடாது. "சினையாக இருப்பது பசுவின் உடம்புக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்க வேண்டும். வயிறு இன்னும் பெருக்கவில்லை. உள்ளே கன்று உதைக்கவும் இல்லை. உதைக்கக் கால் முளைத்தால்தானே! கேட்டுவிட்டாயா? சபாஷ். இது பெரிய பெரிய விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி.

வகுப்பில் டீச்சர் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் அம்மா" என்கிறாய் அல்லவா? சொல்லாவிட்டால் ஆப்சென்ட். கருவும் அப்படித்தான். குறித்த நாளுக்குள் அது குரல் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதற்கு வாயும் இல்லை, அம்மாவோடு கொடியும் இன்னும் சேரவில்லை. கருப்பைக்குள் தனியாக மிதந்துகொண்டிருக்கிறது. பிறகு எப்படிச் சொல்லும்?

முதலில் அம்மா பக்கத்தைப் பார்ப்போம். பசுவின் சினைப்பையிலிருந்து முட்டை வெளியே வந்ததும், அது இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கட்டி வளரும். கட்டி என்றதும் பயப்படாதே, நல்ல கட்டிதான். அதிலிருந்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்கும். கருப்பை கருவைத் தாங்கத் தயாராக இருப்பது இந்த ஹார்மோனால்தான். கருப்பைச் சுவரில் இருக்கும் சுரப்பிகள் சத்தான நீரை ஊறவிட்டு, மிதக்கும் கருவுக்கு ஊட்டும். அம்மா பேசுவது இந்தச் சாப்பாட்டின் வழியாகத்தான். இந்தச் சுரப்பிகள் இல்லாத செம்மறிகளில் கரு வளராமலே போய்விடுகிறது.

சரி, உள்ளே கருவே இல்லை என்றால்? 16, 17 நாள் வாக்கில் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு பொருளை விட்டுவிட்டு அனுப்பும். அது சினைப்பைக்குப் போய் மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். புரோஜெஸ்டிரான் குறையும், அடுத்த முட்டை முதிரும், பசு மறுபடி பருவத்துக்கு வரும். அப்பாவின் 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? புரியவில்லையென்றால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படி. அவசரமே இல்லை.

அப்படியானால் கரு செய்ய வேண்டிய வேலை என்ன? புரோஸ்டாகிளாண்டின் கிளம்புவதற்கு முன்னால் கருப்பையைத் தடுக்க வேண்டும்.

உன் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் ஸ்கேலை எடு. 13ஆம் நாளில் பசுவின் கரு அதில் சில மில்லிமீட்டர்தான். அங்கிருந்து அது நூல் மாதிரி நீள ஆரம்பிக்கும். 17ஆம் நாளில் பல கருக்கள் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவும் கன்றா என்று கேட்காதே! கன்றாகப் போவது நடுவில் ஒரு சின்னப் புள்ளிதான். மற்றதெல்லாம் மெல்லிய உறை. அந்த உறை நீள நீள, கருப்பைச் சுவரில் அதிக இடத்தைத் தொடும். தொடும் இடமெல்லாம் ஒரு புரதத்தைக் கசியவிடும். கருப்பைச் சுவர் அதை உணர்ந்ததும் புரோஸ்டாகிளாண்டினை விட்டுவிட்டு அனுப்பாது. மஞ்சள் கட்டி பிழைத்துக்கொள்ளும். ஆஜர் போட்டாயிற்று!

இதற்குக் கடைசி நாள் உண்டு என்று காட்டியவை செம்மறி ஆடுகள். 1966இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூர், ரௌசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், சினையில்லாத ஆடுகளின் கருப்பையில் வேறு ஆட்டின் கருவைக் கொண்டுபோய் வைத்தார்கள். பருவம் வந்த 12ஆம் நாளுக்குள் வைத்த கருக்கள் நன்றாகத் தங்கின. அதற்குப் பிறகு வைத்தவை பெரும்பாலும் நிற்கவில்லை. பிறகு கருக்களை அரைத்த சாற்றை மட்டும் உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். மஞ்சள் கட்டி கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது. அதே சாற்றைச் சூடாக்கிச் செலுத்தியபோது பலனில்லை. எனவே குரல் கொடுப்பது சூட்டில் கெட்டுப்போகும் ஏதோ ஒரு பொருள் என்று தெரிந்தது.

அந்தப் பொருளின் அமைப்பு 1987இல் தெரிந்தபோது எல்லோருக்கும் ஆச்சரியம். அது இன்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது! நமக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கிறதே, அந்த இன்டர்ஃபெரானின் உறவுக்காரப் புரதம். நோயை விரட்டும் குடும்பத்திலிருந்து ஒன்று வந்து, கன்றுக்காகத் தூது போகிறது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

எல்லா விலங்கும் ஒரே மாதிரி ஆஜர் சொல்வதில்லை. பன்றிக் கருக்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அங்கே ஒரு குரல் போதாது, குறைந்தது 4 கருக்களாவது வேண்டும். இல்லாவிட்டால் சினை நிற்பது கடினம்.

குதிரைக் கருவோ நீளவே நீளாது. உறுதியான உறைக்குள் உருண்டையாக இருந்துகொண்டு, 16ஆம் நாள் வாக்கில் ஓரிடத்தில் நிற்கும் வரை கருப்பை முழுக்க உருண்டு திரியும். ஒவ்வொரு மூலைக்கும் நேரில் போய்த்தான் அது ஆஜர் சொல்ல வேண்டும்! ஒரு பக்கத்திலேயே அதை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். அம்மாக் குதிரை மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது.

சரி, குதிரைக் கரு என்ன பொருளைச் சுரந்து சொல்கிறது? பல வருஷமாகத் தேடுகிறார்கள், இன்னும் பிடிபடவில்லை. கால்நடை மருத்துவர்கள் சிலர் ஒரு வேடிக்கைகூடச் செய்தார்கள். மூன்றரை சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிக் குண்டு ஒன்றைக் குதிரையின் கருப்பைக்குள் வைத்தார்கள். சில குதிரைகள் ஏமாந்து, சினையானது போலப் பருவத்துக்கே வராமல் இருந்தன. மற்றவை ஏமாறவில்லை. எதையுமே சுரக்காத கண்ணாடியிடம் அந்தச் சில குதிரைகளுக்கு என்ன கேட்டிருக்கும்? யோசித்து எழுதி அனுப்பு, பார்ப்போம்.