மாத்தளையில் வாடகைக்கு ஒரு பழைய வீடு

மாத்தளை மாவட்டத்தில் வாடகை வீடு தேடுவோர் இரண்டு நகரங்களில் அதிகம். மாத்தளைக்கு ஆஸ்பத்திரி, கச்சேரி, பாடசாலை என்று இடமாற்றம் பெற்று உத்தியோகத்தர்கள் வருகிறார்கள். தம்புள்ளைக்கு ஆட்களை இழுப்பவை மரக்கறி மொத்த வியாபாரமும் சீகிரியாவை நம்பிய ஹோட்டல் தொழிலும்.

இவர்களுக்கு வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க, கையில் சிறு முதலோடு தொடங்குபவருக்குக் கட்டுப்படியாவது பெரும்பாலும் பழைய ஓட்டு வீடுதான். அதில் முதலில் சோதிக்க வேண்டியது சுவரை அல்ல, காணி உறுதியை. பரம்பரைக் காணிகள் பல, பங்காளிகளிடையே பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அப்படியொரு பங்கை வாங்கித் திருத்தியபின், வேறொரு பங்காளி 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு வைத்தால், போட்ட பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிவிடும். காணிப் பதிவகத்தில் 30 ஆண்டு உரிமைத் தொடர்ச்சியைத் தேடுவது நொத்தாரிசுமாரின் வழக்கம். அந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். மாத்தளை மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை இதைக் கொடூரமாகக் காட்டியது. இரத்தோட்டை, உக்குவளைப் பக்கம் சரிவில் நிற்கும் வீடு என்றால் பின்புறத்து மண்மேட்டைப் பார்க்க வேண்டும். சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் நீர், நிலத்தில் நீளும் வெடிப்பு தென்பட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகாமல் விலை பேசக் கூடாது.

ஓட்டுக் கூரையில் அடிக்கடி பழுதாகும் இடம், இரு சாய்வுகள் கூடும் மூலையிலுள்ள தகரப் பீலி. அது துருவேறி ஓட்டையானதும் நீர் சுவருக்குள் இறங்கும், மரம் உக்கும், ஈரத்துக்குக் கறையான் வரும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவதோ மூலையில் ஒரு மஞ்சள் கறை. அதன்மேல் பெயின்ட் பூசினால் அடுத்த மாரியில் கறை திரும்பும். ஆகவே கூரை, பீலி, வடிகால் முதலில். பிறகு வயரிங், குழாய், மலசலகூடம். பெயின்ட் கடைசி.

கணக்குக்கு ஓர் உதாரணம்: 80 இலட்சத்துக்கு வாங்கி 12 இலட்சத்தில் திருத்திய வீடு மாதம் 35,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஆண்டு வரவு 3,85,000. சோலைவரிக்கும் சில்லறைப் பழுதுகளுக்கும் 45,000 கழித்தால் மீதி 3,40,000; இது போட்ட மொத்த முதலில் ஏறத்தாழ 3.7 சதவீதம். கடன் வட்டி இதைவிடக் கூடுதலாக இருக்கும்போது கடன் வாங்கி வீடு வாங்குவது ஆபத்து.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன் இரு சாட்சிகளோடு எழுத வேண்டும். ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் வீட்டில், உரிமையாளர் மாறினார் என்பதற்காக மட்டும் குடியிருப்பாளரை எழுப்ப முடியாது.