பேரன் ஆட்டம் பார்க்கக் கிளம்பியாச்சா?

மே மாத அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்குப் பேர்போன ஊர் பெரியகுளம். அதைப் பார்த்து வளர்ந்த உங்கள் பேரன் இன்று வெளியூரில் ஆடுகிறானா? "தாத்தா, பாட்டி, கட்டாயம் வந்துடுங்க!" என்றதும் காரைக் கிளப்புகிறீர்கள். டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் பார்த்தாச்சு. உடம்பைப் பார்த்தீர்களா?

மணிக்கணக்கில் காலை மடக்கியே உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, 5 நிமிடம் நடங்க. 'வழியில் பாத்ரூம் இருக்காதே' என்று தண்ணீரைக் குறைக்காதீங்க. வெயிலில் நிற்கும் காரில் இன்சுலினை வைத்தால் வீரியம் போயிடும். கையோடு எடுத்துப் போங்க.

திரும்பி வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா? தைலம் தேய்க்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அடுத்த ஆட்டத்திலும் பேரன் உங்களைத் தேடுவானே!