புயலுக்கு ஒரு பொதுநிதி

கரிபியன் கடலிலுள்ள கிரெனடா மிகச் சிறிய தீவு நாடு. 2004ஆம் ஆண்டு ஐவன் புயல் தாக்கியபோது, நாட்டின் ஓராண்டு வருமானத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நஷ்டம் ஏற்பட்டது. இத்தகைய சுமையைத் தனியொரு தீவு தாங்க இயலாது.

ஆகவே 2007இல் 16 கரிபியன் அரசுகள் ஒன்றுசேர்ந்து, உலக வங்கியின் துணையுடன், ஒரு பொது இன்ஷூரன்ஸ் நிதியை நிறுவின. ஒவ்வோர் அரசும் ஆண்டுதோறும் பிரிமியம் செலுத்துகிறது. எல்லாத் தீவுகளையும் ஒரே ஆண்டில் புயல் தாக்குவது அரிது. ஆகையால் பலர் செலுத்திய பணம் இடருற்ற சிலருக்கு உதவுகிறது. சேதத்தை நேரில் மதிப்பிடும்வரை காத்திருப்பதில்லை. காற்றின் வேகம் முதலிய அளவுகளைக் கொண்டு கணக்கிட்டு, 14 நாட்களுக்குள் தொகை வழங்கப்படுகிறது. 2024 ஜூலையில் வீசிய பெரில் புயலுக்குப்பின் கிரெனடா 4 கோடி டாலருக்கு மேல் பெற்றது.

இம்முறையில் குறையும் உண்டு. அளவுகள் குறித்த வரம்பை எட்டாவிடில், வீடிழந்தோர் இருப்பினும் பணம் வாராது. வரும் பணமும் உடனடித் தேவைகளுக்கே போதும். உறுதியான வீடுகளுக்கும் கரைச்சுவர்களுக்கும் வேறு நிதி தேட வேண்டும்.

சேமநிதிக்குச் சந்தா கட்டும் நாம் இதன் தத்துவத்தை எளிதில் உணரலாம். இடர் வாராத ஆண்டிலும் தவணை தவறாது செலுத்தினாலன்றி எந்தப் பொதுநிதியும் நிலைக்காது.